தத்துவ அறிஞரை அழவைத்த பக்கம்

கலைகள் உள்ளத்தைப் புதுப்பிக்கும் என்னும் கூற்று இன்று எங்கும் ஒலிக்கிறது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி முகாம்களில் ஒரு மணி நேரம் இசைக்கென ஒதுக்கப்படுகிறது. ஓவியம் தீட்டினால் மன இறுக்கம் தளரும் என்கிறார்கள். சோர்ந்து வருபவரின் கையில் நல்ல கவிதை நூல் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறோம். இதற்குச் சான்றாக மேடைகளில் எடுத்துக்காட்டப்படுவோருள் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். இருபது வயதில் மனம் உடைந்துபோன அவரை வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மீட்டன என்று ஒரே வரியில் அவர் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவருடைய 'தன்வரலாறு' நூலின் ஐந்தாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிப்போர்க்கு இந்த ஒருவரிக் கதை போதாது என்பது விளங்கும். கவிதை அங்கே வருகிறது. ஆனால் நெருக்கடி தொடங்கி இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே வருகிறது. அதற்கு முன்னரே வேறொரு நூல், பேரிலக்கியம் என்று எவரும் கொண்டாடாத ஓர் உரைநடை நூல், செய்யவேண்டிய முதல் வேலையைச் செய்துவிடுகிறது. எது முதலில் வந்தது, எது உதவாமல் போனது, எது பின்னர் வந்தது என்னும் இந்த வரிசையில்தான் அவ்வதிகாரத்தின் பொருள் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

மில் 1806-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்துக்காரர். பிரெஸ்பிட்டேரியன் சபையில் மறையுரையாற்ற உரிமம் பெற்று, பின்னர் இறைநம்பிக்கையையே கைவிட்டவர். இந்திய மண்ணை மிதிக்காமலேயே 'பிரிட்டிஷ் இந்திய வரலாறு' எழுதியவர். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்கம், பதின்மூன்றில் பொருளியல். குருமடத்தில் இருபது வயதுக்குமேல் கிரேக்க எழுத்துகளோடு போராடிய நம்மவர்க்கு இப்பட்டியல் சற்றுப் பொறாமையூட்டும்! ஆனால் அச்சிறுவனுக்கு விளையாட்டுத் தோழர்கள் இல்லை. விடுமுறை நாள்களும் இல்லை. தந்தை அன்பற்றவர் அல்லர். அன்பைக் காட்டத் தெரியாதவர். உணர்ச்சிப் பெருக்கை அவர் ஒருவகைப் பித்தாகவே கருதினார் என்று மகனே எழுதுகிறார்.

தந்தையின் நண்பர் ஜெரமி பெந்தம். செயல்களை அவை விளைவிக்கும் இன்பதுன்பங்களின் அளவைக்கொண்டு எடைபோட வேண்டும் என்று கற்பித்தவர். தரும் இன்பம் ஒரே அளவாயின், குண்டூசிகளைத் தள்ளி ஆடும் சிறுபிள்ளை விளையாட்டும் கவிதையும் ஒரே மதிப்புடையவை என்பது அவர் துணிபு. பதினைந்து வயதில் பெந்தமின் கொள்கையை வாசித்த நாள்முதல் உலகைச் சீர்திருத்துவதே மில்லின் வாழ்க்கை இலக்காயிற்று. 1823-இல், பதினேழு வயதில், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கும்பெனியின் இலண்டன் அலுவலகத்திலேயே வேலையில் சேர்ந்தார். நம் நாட்டின் ஆட்சி பற்றிய மடல்களை வரைவதே அங்கே அவர் தொழில். அலுவலக நேரம் போக எழுத்து, சொற்போர், இதழ்ப்பணி. இருபது வயதுக்குள் நாற்பது வயதின் உழைப்பு.

1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நரம்புகள் தளர்ந்திருந்த ஒரு வேளையில், தம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். நீ விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இந்த நொடியே நிறைவேறிவிட்டால், அது உனக்குப் பெருமகிழ்ச்சியாக இருக்குமா? உள்ளிருந்து வந்த விடை: இல்லை. வாழ்வைத் தாங்கிய அடித்தளம் அந்த ஒரு சொல்லில் சரிந்தது. ஓர் இரவு தூங்கினால் தெளியும் என்று நினைத்தார். விழித்தபோது அந்த மேகம் அங்கேயே இருந்தது. வேலையை விடவில்லை. பொறி ஓடுவதுபோல் கை எழுதியது, வாய் பேசியது. பின்னாளில் அந்தக் குளிர்காலத்தில் தாம் செய்தவை பற்றி அவருக்கு ஏறத்தாழ எதுவுமே நினைவில்லை.

இவ்விடத்தில் அவர் ஓர் உவமை சொல்கிறார். பாவ உணர்வு முதன்முறையாகத் தாக்கும்போது மெதடிஸ்டு சபைக்கு மனந்திரும்புவோர் இருக்கும் நிலை போன்றது தம் நிலை என்கிறார். சமயம் என்பதையே புகட்டாமல் வளர்க்கப்பட்ட ஒருவர், தம் துயரைச் சொல்ல வந்தபோது சமயத்தின் கிடங்கிலிருந்துதான் உவமையை எடுக்க வேண்டியிருந்தது. இதைச் சுட்டி நாம் வெற்றி முழக்கம் செய்ய வேண்டியதில்லை. அவர் நேர்மையானவர், பொருந்திய உவமையை, அது எங்கிருந்தாலும், எடுத்துக்கொண்டார். இதைவிட நெஞ்சைத் தைப்பது வேறொரு குறிப்பு. தம் துயரத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்னும் அளவுக்கு எவரையேனும் நேசித்திருந்தால், தாம் அந்த நிலைக்கே வந்திருக்கமாட்டார் என்று எழுதுகிறார். உதவி கேட்டுத் தந்தையிடம் போவதா? போகக்கூடாத கடைசி ஆள் அவரே என்று தோன்றியது. நோயை உண்டாக்கிய கல்வி அந்த மருத்துவரிடமிருந்து வந்ததன்றோ!

தம் நோய்க்கு அவரே சொல்லும் காரணம் எதையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கம். பகுத்தறிவு மூடநம்பிக்கைகளை அரிப்பது நல்லதே. ஆனால் அதே அரம் உணர்ச்சிகளின் வேரையும் அராவிவிடுகிறது. நன்கு கட்டிய கப்பல், நல்ல சுக்கான், பாய் மட்டும் இல்லை என்பது அவர் தரும் படிமம். இன்றைய மருத்துவர்கள் இதனை மனச்சோர்வு நோய் என்று கணித்து மருந்தும் தரக்கூடும், தரவும் வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியவரைக் கவிதை நூலோடு வீட்டுக்கு அனுப்புவது ஆற்றுப்படுத்துதல் ஆகாது. இதைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

மில்லும் தொடக்கத்தில் நூல்களையே நாடினார். முன்பு தமக்கு ஊக்கமூட்டிய நூல்களை, மேன்மக்களின் வரலாறுகளை, மருந்தாக எண்ணி மீண்டும் எடுத்தார். அவை பயன்தரவில்லை. பழைய உணர்ச்சியின் அழகு கழன்றுபோய் வெறும் சொற்கள் நின்றன. கலையால் புத்துயிர் பெறலாம் என்போர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நல்ல நூல்தான், முன்பு பலன் தந்த நூல்தான், தேவைப்பட்ட வேளையில்தான் எடுக்கப்பட்டது. எனினும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 'இது எனக்கு என்ன செய்கிறது?' என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வாசிப்பவனுக்குத் தன் நாடித்துடிப்பைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன. தற்செயலாக அவர் கையில் மார்மோந்தெலின் நினைவுக்குறிப்புகள் இருந்தன. மார்மோந்தெல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர். லிமூசென் பகுதியில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகன். 1723-இல் பிறந்து 1799-இல் இறந்தவர். 'பெலிசேர்' என்னும் தம் புதினத்தில் சமயப் பொறையை வலியுறுத்தியதற்காக 1767-இல் சோர்போன் இறையியலாரின் கண்டனத்துக்கு ஆளானவர். (இறையியலார் கண்டித்த பேனா, நம்பிக்கையற்ற ஓர் இளைஞனைத் தேற்றப் போகிறது. காற்று தான் விரும்பும் திசையில் வீசுகிறது!) முதுமையில் தம் பிள்ளைகளுக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகள், அவர் மறைந்தபின் 1804-இல் அச்சாயின. அதில் ஓர் இடம்: தந்தை இறந்துபோகிறார்; குடும்பம் கதியற்று நிற்கிறது; சிறுவனாகிய மார்மோந்தெலுக்குத் திடீரென ஓர் எழுச்சி உண்டாகிறது. இழந்தவை அனைத்துக்கும் ஈடாக, இவர்களுக்கு எல்லாமுமாக இனி நானே இருப்பேன் என்று அவன் உணர்கிறான். அவர்களையும் உணரச் செய்கிறான். அக்காட்சி மில்லின் மனக்கண்முன் எழுந்தது. அவர் அழுதார். அந்த நொடியிலிருந்து சுமை இலேசாயிற்று. தாம் கல்லாகவோ மரக்கட்டையாகவோ ஆகிவிடவில்லை என்று அறிந்துகொண்டார்.

இந்தப் பக்கம் ஏன்? 1945-இல் ஆல்பர்ட் வில்லியம் லெவி என்பவர் பிராய்டின் வழிநின்று ஒரு விளக்கம் தந்தார். தந்தையின் ஆதிக்கத்தில் நசுங்கிய மகன், தந்தை இறக்கும் காட்சியை வாசித்து, தான் சொல்லத் துணியாத விருப்பத்தை அதில் நிறைவேற்றிக்கொண்டான் என்பது அதன் சாரம். இவ்விளக்கம் புகழ்பெற்றது; முற்றிலும் பொய் என்றும் நாம் சொல்லமாட்டோம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட நூலில் தந்தையின் சாவு வரும் இடத்தில்தான் அழுகை வந்தது என்பது கருதத்தக்கதே. ஆயினும் மில் எழுதியிருப்பதை மறுபடி பாருங்கள். தந்தையின் சாவை ஒரு சொல்லில் கடந்துவிட்டு, அச்சிறுவனின் உறுதிப்பாட்டில்தான் அவர் நிற்கிறார். சாவு அங்கே வாசல். உள்ளே இருப்பது, இன்னும் மீசை முளைக்காத ஒருவன் பிறருக்காகத் தன்னைக் கொடுத்துவிட முன்வருவது. உலகையே சீர்திருத்தப் புறப்பட்ட மில்லுக்கு அதுவரை 'மனிதகுலம்' இருந்தது. தாய், தம்பி, தங்கை என்று முகமுள்ள மனிதர் இல்லை. அந்தப் பக்கத்தில் முகங்கள் இருந்தன. லெவியின் விளக்கம் அழுகையின் தொடக்கத்தைச் சொல்கிறது. அழுதவர் எழுந்து எந்தத் திசையில் நடந்தார் என்பதைச் சொல்லவில்லை.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றில் இழவும் வறுமையும் மார்மோந்தெலின் வீட்டில் இருந்தன. தமக்கு நேர்ந்த இழப்புக்காகவும் அழ இயலாமல் உறைந்துபோயிருந்த ஒருவர், பிறருடைய இழவுக்கும் வறுமைக்கும் அழுதார். பிறன்கண் தோன்றியது தன்கண் மெய்ப்பட்டது. கலையின் தொழிலைப் பற்றி எழுதப்பட்ட பெருநூல்கள் பல. இந்த அளவு அவற்றுள் பலவற்றுக்கும் அடித்தளம் எனலாம்.

இங்கே நடந்தது மிகச் சிறியது என்பதையும் காணவேண்டும். மார்மோந்தெல் மாபெரும் கலைஞர் அல்லர். இன்று பிரான்சிலும் அவரை வாசிப்போர் சிலரே. பிள்ளைகளுக்கென எழுதிய எளிய உரைநடை அது. உயர்ந்த கலையே உள்ளத்தை உயர்த்தும் என்பவர்களுக்கு இது சற்று இடறலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளட்டும். மில் அந்த நூலைக் குணம் வேண்டி எடுக்கவில்லை. அதனால்தான் வாசிக்கும்போது அவருடைய காவற்காரன் உறங்கிக்கொண்டிருந்தான்.

இந்த அனுபவத்திலிருந்து மில் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். மகிழ்ச்சியை நேரே குறிவைத்துத் தேடுபவனுக்கு அது கிட்டாது. வேறொன்றில், பிறர் நலத்திலோ, ஒரு கலையிலோ, ஒரு பணியிலோ மனத்தை வைத்து நடப்பவனுக்கு அது வழியில் தானே வந்து சேரும் என்பது ஒன்று. அறிவையும் செயலையும் மட்டும் வளர்த்தால் போதாது, உணர்ச்சிக்கும் நீர் பாய்ச்ச வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் ஓர் இடர்ப்பாடு தெரியும். உணர்ச்சியை வளர்க்கவென்றே கலையை நாடினால், அது மறுபடியும் குறிவைத்துத் தேடுவதுதானே? மில் இதனை வெளிப்படையாக எழுப்பவில்லை. ஆனால் அடுத்து அவர் சொல்லும் செய்திகள் எல்லாம் இந்த இடர்ப்பாட்டோடு அவர் நடத்திய போராட்டமே என்று நாம் வாசிக்கிறோம்.

முதலில் இசை. சிறுவயதிலிருந்தே அவருக்கு இன்பம் தந்த கலை அது ஒன்றே. வெபரின் 'ஓபரான்' இசைநாடகம் 1826-இல் இலண்டனில்தான் அரங்கேறியது. அதன் இன்னிசை அவருக்கு நலம் செய்தது. ஆனால் அதிலும் கணக்கன் விழித்துக்கொண்டான். ஒரு சுரவரிசையில் ஐந்து முழு இடைவெளிகளும் இரண்டு அரை இடைவெளிகளும்தானே இருக்கின்றன. அவற்றை எத்தனை வகையாகத்தான் கோக்க முடியும். இனிமையான சேர்க்கைகள் ஒருநாள் தீர்ந்துபோகுமே என்று மெய்யாகவே வருந்தினார். ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இராகத்தை ஆலாபனை செய்து அலுக்காத நம் இசைவாணர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மில்லும் பின்னாளில் தம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். கதிரவன் எரிந்து தீர்ந்துவிடுமே என்று அஞ்சிய, கல்லிவர் கண்ட லாபுட்டா நாட்டு அறிஞர்களோடு தம்மை ஒப்பிட்டார். ஆனால் அந்த அச்சத்தில் ஓர் உண்மையும் உண்டு. இன்பத்தைச் சரக்காக எண்ணுபவனுக்குக் கிடங்கு காலியாகும் அச்சம் தவிர்க்க முடியாதது.

பின்னர் பைரன். ஆழ்ந்த உணர்ச்சிகளின் கவிஞர் என்று அன்றைய உலகம் போற்றியவர். அவர் கவிதைகள் அனைத்தையும் மில் வாசித்தார். நன்மை வரவில்லை, தீமையே வந்தது. ஹெரால்டும் மான்ஃபிரட்டும் சுமந்த அதே சலிப்பைத்தான் அவரும் சுமந்துகொண்டிருந்தார். எல்லா இன்பங்களையும் துய்த்துக் களைத்த ஒருவரின் புலம்பல், தன் நோயைத் தானே பெரிய எழுத்தில் வாசிப்பதுபோல் இருந்தது. 'துயரத்தில் இருப்பவனுக்குத் துயரக் கவிதையே துணை' என்று இன்று பலர் சொல்கிறார்கள். மில்லின் வரலாறு அதற்கு முழுச் சான்று தரவில்லை.

இவ்விடத்தில் நமக்கு இயல்பாக நினைவுக்கு வருபவர் புனித இஞ்ஞாசியார். 1521-இல் பம்பலோனா கோட்டையில் கால் முறிந்து, லொயோலாவின் வீட்டில் படுத்திருந்தபோது, வீரதீரக் காதல் கதைகள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் அவை இல்லை. சாக்சனி நாட்டு லுடோல்ஃபு எழுதிய கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறுகளுமே இருந்தன. வாசித்தவற்றையும் பகற்கனவுகளையும் மாறிமாறி மனத்தில் ஓட்டியவர், ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். இரண்டும் நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்தபின் ஒன்று வறட்சியை விட்டுச் சென்றது, மற்றது மகிழ்வை விட்டுச் சென்றது. தேர்ந்து தெளிதல் என்று நம் ஆன்மிக மரபு வளர்த்தெடுத்த கலை, இவ்வாறு ஒரு நோயாளியின் படுக்கையில், நூல் வாசிப்பின் பின்சுவையைப் பார்த்ததில் பிறந்தது. நம்பிக்கையற்ற மில், இஞ்ஞாசியாரின் உரைகல்லை அறியாமலேயே அதனைக் கையாண்டார். மூடியபின் என்ன மிஞ்சுகிறது? திறனாய்வாளர்கள் பலர் கேட்க மறந்த கேள்வி இது.

1828-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் வந்தார். 1815-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த கவிதைகளை மில் முதன்முறையாக வாசித்தார். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய 'எக்ஸ்கர்ஷன்' என்னும் நெடுங்கவிதையைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதே கவிஞர், அதே வாசகர். இடையில் மார்மோந்தெலின் கண்ணீர் மட்டும் வந்து போயிருந்தது. உழுத நிலத்தில் விதை விழுந்தது.

மலைகள் மீது மில்லுக்குத் தனிக்காதல். பதினான்கு வயதில் பிரான்சில் ஓராண்டு தங்கியபோது கண்ட பிரனீசு மலைத்தொடர் அவர் மனத்தில் நின்றது. அந்த வாசல் வழியாக வேர்ட்ஸ்வொர்த் நுழைந்தார். ஆனால் இயற்கைக் காட்சி மட்டும் போதியிருந்தால் சுமாரான ஓவியமே போதும். வால்டர் ஸ்காட் அதை வேர்ட்ஸ்வொர்த்தைவிட நன்றாகவே செய்கிறார் என்கிறார் மில். காட்சியின் முன் நிற்கும் உள்ளத்தின் நிலையை, உணர்ச்சியில் தோய்ந்த சிந்தனையை அக்கவிதைகளில் கண்டார். மானிடர் அனைவரும் பங்குகொள்ளத்தக்க, போராட்டத்தோடும் குறைபாட்டோடும் தொடர்பற்ற ஓர் உள்மகிழ்ச்சியின் ஊற்று அங்கே இருந்தது. வாழ்வின் பெருந்தீமைகள் யாவும் நீங்கிய பின்னும் வற்றாத ஊற்று எது என்பதை அக்கவிதைகளிலிருந்து தாம் கற்றதாக எழுதுகிறார்.

இந்தக் குறிப்பில் நாம் நின்று பார்க்க வேண்டும். 1826-இல் அவரை வீழ்த்திய கேள்வி என்ன? சீர்திருத்தம் எல்லாம் முடிந்துவிட்டால் பிறகு என்ன என்பதே. பசித்தவர்க்கு உணவு கிடைத்தபின், அடிமைகள் விடுதலை பெற்றபின், சட்டங்கள் நேராக்கப்பட்டபின், அந்த நல்ல உலகில் மனிதன் எதைக் கொண்டு மகிழ்வான்? பெந்தமிடம் விடை இல்லை. துன்பத்தைக் குறைக்கத் தெரிந்த அத்தத்துவத்துக்கு, துன்பம் இல்லாத இடத்தில் செய்ய வேலை இல்லை. இரண்டாண்டுகள் கழித்து ஒரு கவிஞர் விடை தந்தார்: ஒரு குன்றின்மேல் மாலை வெயில், தனியே நடக்கும் ஒருவன், அவனுள் எழும் அமைதி. இவ்வின்பம் ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குக் குறையாது. ஏழைக்கும் உரியது. இதைக் கண்டபின் சீர்திருத்த வேலையும் பொருள்பெற்றது. எல்லாரும் இந்த ஊற்றுக்கு வந்து சேரத் தடையாயுள்ளவற்றை அகற்றுவதே அது. சமூகப் பணியில் இறங்கி, சில ஆண்டுகளில் உள்ளே சாம்பலாகிப்போகும் இளைஞர்களை, குருக்களை, கன்னியரை அறிந்தவர்களுக்கு இப்பகுதி வெறும் இலக்கியச் செய்தியாகப் படாது.

தொகுதியின் இறுதியில் உள்ள 'இறவாமை' பற்றிய புகழ்பெற்ற கவிதையில் மில் இன்னொன்றையும் கண்டார். இளமையின் புத்தொளி மங்கிப்போன துயரம் கவிஞருக்கும் இருந்தது. அதற்கு ஈடாக ஒன்றைத் தேடி, கண்டும் கொண்டார். ஆக, வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய துயரத்தையே காட்டினார். பைரனிடம் அத்துயரத்துக்கு ஒரு மேடை இருந்தது. இவரிடம் ஒரு வழி இருந்தது.

மில்லோடு நாம் உடன்படாத இடம் ஒன்று உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தைவிடப் பெரிய கவிஞர்கள் உண்டு, அவர் கவித்துவமில்லாத இயல்பினரின் கவிஞர், தம் நிலைக்கு அவர் மருந்தானார் என்று எழுதுகிறார். அடக்கமான பாராட்டுத்தான். ஆனால் 'மருந்து' என்னும் சொல்லில் பழைய பெந்தம் எட்டிப் பார்க்கிறார். நோய் தீர்ந்தபின் மருந்துப் புட்டியை எவரும் அலமாரியில் வைத்துப் போற்றுவதில்லை. மில்லோ அக்கவிதைகளை விட்டுவிடவில்லை; 1829-இன் தொடக்கத்தில் சொற்போர்க் கழகத்தில் நண்பர் ரோபக் பைரனுக்காக வாதாட, இவர் வேர்ட்ஸ்வொர்த்துக்காக வாதாடினார்; 1831-இல் ஏரி நாட்டுக்குச் சென்று கவிஞரை நேரிலும் கண்டார். மருந்துக்காக எவரும் அத்தனை தொலைவு போவதில்லை! அவர் சொன்ன காரணத்தைவிட அவர் செய்த செயல் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

ரோபக்கோடு நடந்த வாதத்தில் அவர் சொன்ன ஒன்று குருமட வகுப்புகளிலும் சொல்லத் தகும். மேகம் நீராவியே என்பதை முற்றிலும் அறிந்திருப்பதும், மறையும் கதிரவன் ஒளியில் அதன் அழகுக்கு நெகிழ்வதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்றார். பகுத்தறிவை அவர் கைவிடவில்லை. அறிவோடு உணர்வுக்கும் அருகில் ஓர் இருக்கை போட்டார். 1838-இல் பெந்தமைப் பற்றி எழுதிய கட்டுரையில், மனித இயல்பின் பெரும்பகுதி அவர் கண்ணுக்குப் படவேயில்லை என்று மரியாதையோடும் கண்டிப்போடும் சுட்டினார். 1867-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய நெடிய உரையில், அறிவுக் கல்வி, ஒழுக்கக் கல்வி ஆகியவற்றோடு அழகுணர்வுக் கல்வியையும் மூன்றாவதாக நிறுத்தினார். அதே நூற்றாண்டில் சார்லசு டார்வின், முதுமையில் தமக்குக் கவிதைச் சுவையே அற்றுப்போனதை எண்ணி வருந்தி, மறுபடி வாழ நேர்ந்தால் வாரம் ஒருமுறையேனும் சிறிது கவிதையும் இசையும் என்று விதி வைத்துக்கொள்வேன் என்று எழுதினார். வாராந்தர அளவு என்னும் அந்தத் திட்டம் பலித்திருக்குமா என்று மில்லை வாசித்தவர் ஐயுறுவர்.

இந்த அதிகாரத்தை ஐயத்தோடும் வாசிக்க வேண்டும். நிகழ்ந்தது இருபது வயதில்; எழுதியதோ 1853-54-இல், நாற்பத்தேழு வயதைக் கடந்தபின். கால் நூற்றாண்டின் நினைவு எதையும் சற்று ஒழுங்குபடுத்திவிடும். கேள்வி, விடை, கண்ணீர், கவிதை என்று படிகள் இவ்வளவு சீராக அமைந்திருப்பது அக்காரணத்தாலும் இருக்கலாம். ஆனால் அழகுக்காக அவர் மறைக்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மார்மோந்தெலுக்குப் பின்னும் சோர்வு பலமுறை திரும்பியது, சில வேளை மாதக்கணக்கில் நீடித்தது என்று அவரே பதிவுசெய்கிறார். முன்பிருந்த ஆழத்துக்கு மட்டும் மறுபடி விழவில்லை. மேடைக் கதைகளில் இந்தத் திரும்பல்கள் இடம்பெறுவதில்லை.

கலை அவருக்குச் செய்யாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1836-இல் தந்தை இறந்தார். மூத்த மகனாகிய மில் பல ஆண்டுகள் தாயோடும் உடன்பிறந்தாரோடும் ஒரே வீட்டில் வாழ்ந்தார். ஒருவகையில் மார்மோந்தெலின் சிறுவனுடைய இடம் அவருக்கே வாய்த்தது. 1851-இல் ஹாரியட் டெய்லரை மணந்தபோது, மனைவிக்கு உரிய மதிப்புத் தரப்படவில்லை என்று எண்ணி, தாயோடும் தமக்கு இளையவர்களோடும் கடுமையாகப் பிணங்கினார். அவர் தன்வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நாள்களில்தான், 1854-இல், தாய் இறந்தார். 1873-இல் மில் மறைந்தபின் அச்சான அந்நூலில், தந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும் அந்நூலில், தாயைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. 1961-இல் ஜாக் ஸ்டில்லிங்கர் முதல் வரைவைப் பதிப்பித்தபோதுதான், அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டன என்பது வாசகர்களுக்குத் தெரியவந்தது.